கையளவுக் கருவி – 17: திருப்பிப் போட்ட கேள்வி

2008 ஜனவரி 15. சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி அரங்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் புதிய அறிவிப்புகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐபோன் கடைக்கு வந்து ஏழு மாதம்கூட நிறையவில்லை. அதன் வரைபடத்தில் புதிதாக ஒரு பொத்தான் சேர்ந்திருந்தது. அதைத் தொட்டால், போன் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் விழும். ஆட்டோ கூப்பிடவும் சாப்பாடு வரவழைக்கவும் நாளுக்குப் பலமுறை இப்படி ஒரு குறியைப் பார்க்கும் நமக்கு இதில் புதுமை தெரியாது. ஆனால் அன்றைய ஐபோனுக்குள் ஜிபிஎஸ் சில்லு கிடையாது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த எந்தச் செயற்கைக்கோளின் குரலையும் அதனால் கேட்க முடியாது. அப்படியிருந்தும் தான் எங்கே இருக்கிறோம் என்று அது சொன்னது.

எப்படி என்பதை ஜாப்ஸ் மேடையிலேயே சொல்லிவிட்டார். ஸ்கைஹூக் என்ற நிறுவனம் வைஃபை பெட்டிகளைக் கொண்டு இடத்தைக் கணிக்கிறது. கூகுள் செல்போன் டவர்களைக் கொண்டு கணிக்கிறது. ஐபோன் இரண்டையும் பயன்படுத்துகிறது. அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். நாம் இங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. சென்ற வாரம் 2000 மே மாதத்தில், ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய இரவோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து முன்னே போவதற்கு முன் ஒருமுறை 1957க்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அன்று ஓர் ஆய்வகத்தில் எழுந்த ஒரு யோசனைதான், வேறு உருவத்தில், இந்த ஐபோனுக்குள்ளும் உட்கார்ந்திருந்தது.

1957 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை, சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. திங்கட்கிழமை மதியம் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில், சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் அதே பேச்சு. அதன் சிக்னலைக் கேட்டுப் பார்க்க யாருமே முயலவில்லையே என்ற எண்ணம் இரண்டு இளைஞர்களுக்கு வந்தது. ஒருவர் வில்லியம் கையர், மற்றவர் ஜார்ஜ் வைஃபன்பாக். வைஃபன்பாக்கிடம் நல்ல வானொலி ஏற்பி ஒன்று இருந்தது. ஸ்புட்னிக் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கத்திக்கொண்டிருந்தது. மாலைக்குள் அந்தக் கீச்சுக் குரலைப் பிடித்துவிட்டார்கள்.

குரல் ஒரே சுருதியில் இல்லை. ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கூர்மையாகக் கேட்டு, நம்மைக் கடந்ததும் சட்டெனத் தணிந்துவிடும் அல்லவா? ஸ்புட்னிக்கின் குரலும் அடிவானத்தில் எழும்போது கூர்மையாக இருந்து, தலைக்கு மேலே கடக்கும்போது இறங்கி, மறையும்போது தாழ்ந்துபோனது. டாப்ளர் விளைவு என்று பள்ளிப் பாடத்தில் படித்த சங்கதிதான். அந்த ஏற்ற இறக்கத்தை ஒலிநாடாவில் பதிந்து, வளைகோடாக வரைந்து, அந்த ஒரு கோட்டிலிருந்து செயற்கைக்கோளின் பாதை முழுவதையும் இருவரும் கணக்கிட்டுவிட்டார்கள். யாரும் அவர்களிடம் கேட்ட வேலை அல்ல அது. ஆர்வத்தில் செய்தது.

1958 மார்ச்சில் ஆய்வகத்தின் மூத்த விஞ்ஞானி ஃபிராங்க் மெக்ளூர் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். ஆய்வகம் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பது தெரியாது, அதைக் கண்டுபிடித்தீர்கள். செயற்கைக்கோள் இருக்கும் இடம் தெரிந்து, கேட்பவன் இருக்கும் இடம் தெரியாமல் போனால்? கணக்கைத் திருப்பிப் போட முடியுமா? சில நாளில் முடியும் என்று பதில் வந்தது. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. மெக்ளூருக்கு இந்தக் கேள்வி எழக் காரணம் கடலுக்கடியில் இருந்தது. போலாரிஸ் ஏவுகணைகளைச் சுமக்கவிருந்த நீர்மூழ்கிக் கப்பல்கள் தாங்கள் நிற்கும் இடத்தைச் சரியாக அறிந்தால்தான் குறி தப்பாது. அந்தத் தேவையிலிருந்து டிரான்சிட் திட்டம் பிறந்தது. 1960இல் அதன் செயற்கைக்கோள் வானில் வேலை செய்து காட்டியது. 1964இல் கடற்படையின் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது.

மெக்ளூரின் அந்தத் திருப்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது அதுதான். தெரிந்த இடத்தில் நின்று தெரியாத ஒன்றைக் கண்டுபிடி. பிறகு கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு தெரியாத இடத்தில் நிற்பவனுக்கு வழி சொல். ஐம்பது ஆண்டு கழித்து, வானத்தில் நடந்தது தெருவில் நடந்தது.

ஜிபிஎஸ் டிரான்சிட்டின் பிள்ளை என்றாலும் அதன் கணக்கு வேறு. அது சுருதியை நம்பவில்லை, நேரத்தை நம்பியது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும், தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தைப் பார்த்து, இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. சிக்னல் நம்மிடம் வந்துசேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். அந்தத் தாமதத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். மூன்று தூரங்கள் இருந்தால் நம் இடம் கிடைத்துவிட வேண்டும். ஆனால் கையிலிருக்கும் கருவியின் கடிகாரம் மலிவான குவார்ட்ஸ். அதில் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். அதனால் நான்காவதாக ஒரு செயற்கைக்கோள் தேவை. அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், சரியான நேரம் ஆகிய நான்கு விடைகளும் சேர்ந்தே வருகின்றன.

இதைச் செல்போனுக்குள் வைப்பது சுலபமாக இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது வானொலி இரைச்சலுக்கும் கீழே மங்கிவிடுகிறது. கான்கிரீட் கூரை ஒன்று குறுக்கே வந்தால் போதும், அநேகமாகக் காணாமலே போகும். தன் பாதையைப் பற்றிய விவரத்தைச் செயற்கைக்கோள் நொடிக்கு 50 பிட் வேகத்தில் சொல்கிறது. ஒரு முழுத் தகவலைக் கேட்டு முடிக்க 30 நொடி, அதுவும் நடுவில் தடங்கல் வராமல் இருந்தால். எந்தச் செயற்கைக்கோள் மேலே இருக்கிறது என்றே தெரியாமல் தேடத் தொடங்கும் கருவிக்கு நிமிடங்கள் ஆகும். அத்தனை நேரமும் பேட்டரி கரையும். 1999இல் ஃபின்லாந்தின் பெனிஃபோன் நிறுவனம் ஜிபிஎஸ் உள்ள ஜிஎஸ்எம் போன் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் எல்லோர் கைக்கும் அந்த வசதி வரவில்லை.

வரவழைத்தது ஓர் அவசர எண். அமெரிக்காவில் 911 என்று அழைத்தால், வீட்டுத் தொலைபேசி எண்ணோடு முகவரியும் எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியும். பேசுபவர் மயங்கி விழுந்துவிட்டாலும் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். செல்போனுக்கு முகவரி இல்லை. நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கியவர், எந்த ஊருக்கு அருகே என்று சொல்லத் தெரியாமல், அழைப்பில் இருந்தபடியே உயிரை விடக்கூடிய நிலை அது. 1996இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் செல்போன் நிறுவனங்கள் அழைப்பவரின் இடத்தைச் சொல்லியாக வேண்டும் என்று உத்தரவிட்டது. 1999இல் திருத்திய விதிப்படி, போனே இடத்தைக் கணிப்பதானால் 67 சதவீத அழைப்புகளில் 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும். டவர்களைக் கொண்டு கணிப்பதானால் 100 மீட்டருக்குள். இந்தியாவிலும் 2016இல் இதே அக்கறையோடு, புதிய போன்களில் ஆபத்துப் பொத்தானும் ஜிபிஎஸ்ஸும் வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுத்தது.

50 மீட்டர் என்ற அந்த எண்ணை எட்டுவதற்குக் கைகொடுத்தது ‘துணைபெற்ற ஜிபிஎஸ்’. நார்மன் கிராஸ்னர் என்ற பொறியாளரின் யோசனைகளை மையமாகக் கொண்டு வளர்ந்த ஸ்னாப்டிராக் நிறுவனம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2000இல் குவால்காம் அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. யோசனை இதுதான்: திருவிழாக் கூட்டத்தில் ஒரு குரலைத் தேடுகிறீர்கள். யார் குரல், எந்தப் பக்கத்திலிருந்து வரும், என்ன சொல்லும் என்று ஒருவர் முன்கூட்டியே காதில் சொல்லிவிட்டால் எவ்வளவு மெல்லிய குரலும் பிடிபடும். செல்போன் நெட்வொர்க் அந்த வேலையைச் செய்தது. இப்போது உன் தலைக்கு மேலே இந்த இந்தச் செயற்கைக்கோள்கள் உள்ளன, அவற்றின் பாதை இது, நேரம் ஏறக்குறைய இது என்று டவர் வழியாகச் சில நொடியில் அனுப்பிவிடும். போன் தாமதங்களை மட்டும் அளந்தால் போதும். நிமிடங்கள் நொடிகளாயின. இன்று புதிய ஊரில் இறங்கி வரைபடத்தைத் திறந்ததும் நீலப்புள்ளி உடனே எழுந்து நிற்பது இதனால்தான்.

இனி ஜிபிஎஸ் இல்லாத போனுக்கு வருவோம்.

இணைப்பில் இருக்கும் எந்தப் போனுக்கும் எப்போதும் தெரிந்த ஒரு விவரம், தான் எந்த டவரோடு பேசுகிறோம் என்பது. நாடு, நிறுவனம், வட்டாரம், செல் ஆகியவற்றுக்கான எண்கள் சேர்ந்து ஒவ்வொரு செல்லுக்கும் உலகில் வேறு எதற்கும் இல்லாத ஓர் அடையாளத்தைத் தருகின்றன. இந்தியாவுக்கான எண் 404, 405 என்று தொடங்கும். நம்மில் பலர் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2000களின் தொடக்கத்தில் நோக்கியா போனில், ‘செல் பிராட்காஸ்ட்’ பகுதிக்குப் போய் 50 என்ற சேனலைப் போட்டுவைத்தால், திரையில் ஏரியா பெயர் வரும். இரவுப் பேருந்தில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும்போது, வெளியே இருட்டில் எதுவும் தெரியாத நேரத்தில், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை என்று அந்தச் சின்னத் திரையில் பெயர்கள் மாறிக்கொண்டே வந்ததை நான் மறக்கவில்லை. எந்த வரைபடமும் இல்லாமல், ஊர்ப்பெயரை மட்டும் வைத்தே, இன்னும் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்வேன். டவர் தன் பெயரைத் தானே சொல்லியது, நாம் கேட்டுக்கொண்டோம்.

ஆனால் டவர் எண்ணை வைத்து ஓர் இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டுமானால், அந்த எண்ணுள்ள டவர் எங்கே நிற்கிறது என்ற பட்டியல் வேண்டும். அதை நட்ட நிறுவனத்திடம் அது இருக்கும். கூகுளிடம் இல்லை. 2007 நவம்பரில் கூகுள் தன் மொபைல் வரைபடத்தில் ‘என் இடம்’ என்ற வசதியைக் கொடுத்தபோது, அந்தப் பட்டியலை உருவாக்கிய விதத்தில் மெக்ளூரின் கேள்வி மறுபடி வந்து நிற்கிறது. அப்போதே ஜிபிஎஸ் உள்ள சில போன்களில் கூகுள் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் போன்களுக்குத் தாங்கள் இருக்கும் இடம் தெரியும். எந்த டவர் கேட்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து, பெயர் குறிப்பிடாமல், கூகுளுக்கு அனுப்பின. ஒரே எண்ணைக் குறித்து ஏராளமான செய்திகள் சேர்ந்ததும் அந்த டவரின் எல்லை தெரிந்துவிட்டது. தெரிந்த இடத்தில் நின்று தெரியாத டவரைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்து, ஜிபிஎஸ் இல்லாத போன் அதே எண்ணைக் கேட்டால், திருப்பிச் சொல்லிவிடலாம். கையரும் வைஃபன்பாக்கும் ஒரு செயற்கைக்கோளுக்குச் செய்ததை, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான போன்காரர்கள், செய்கிறோம் என்றே உணராமல், ஊர் ஊராக டவர்களுக்குச் செய்து முடித்திருந்தார்கள்.

டவர் தரும் விடை பெரிது. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் பல கிலோமீட்டர். ஜிஎஸ்எம் நெட்வொர்க்கில் போன் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை டவர் அளந்துகொண்டுதான் பேசுகிறது. ஆனால் அந்த அளவுகோலின் ஒவ்வொரு படியும் சுமார் 550 மீட்டர். தெரு வரைக்கும் வர அது போதாது. தெருவுக்கு வர வைஃபை தேவைப்பட்டது.

நம் வீட்டு வைஃபை பெட்டி நொடிக்குச் சுமார் பத்துமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்கிறது. கூடவே தொழிற்சாலையிலேயே பொறித்து அனுப்பிய 48 பிட் அடையாள எண்ணையும் சொல்கிறது. கடவுச்சொல் தெரியாதவரும் இந்த அறிவிப்பைக் கேட்கலாம். கேட்க இணைய வேண்டியதில்லை. அதன் குரல் எட்டும் தூரம் சில பத்து மீட்டர்களே என்பதால், அந்த எண் காதில் விழுந்தாலே அந்த வீட்டுக்கு அருகில் இருக்கிறோம் என்று பொருள். 2000இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் ஒரு மாடியில் மூன்று கம்பியில்லா நெட்வொர்க் நிலையங்களை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் சிக்னல் எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று முன்கூட்டியே அளந்து குறித்துவைத்தார்கள். பிறகு அந்தக் குறிப்போடு ஒப்பிட்டு, மாடிக்குள் ஒருவர் நிற்கும் இடத்தை இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசத்தில் சொல்லிக் காட்டினார்கள். ரேடார் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வானத்தைப் பார்க்கவே முடியாத ஓர் அறைக்குள் நடந்த வேலை அது.

ஒரு மாடிக்குச் செய்ததை ஊருக்குச் செய்ய, 2003இல் டெட் மோர்கனும் மைக்கேல் ஷீனும் பாஸ்டனில் ஸ்கைஹூக்கைத் தொடங்கினார்கள். ஓட்டுநர்களை அமர்த்தி, காரில் ஜிபிஎஸ்ஸும் வைஃபை ஏற்பியும் வைத்து, தெருத் தெருவாகப் போகச் சொன்னார்கள். கார் எந்த இடத்தில் இருந்தபோது எந்தப் பெட்டி எவ்வளவு வலுவாகக் கேட்டது என்பது பதிவானது. இதுவும் அதே திருப்பம். கார் பெட்டியைக் கண்டுபிடித்தது. பெட்டி போனைக் கண்டுபிடிக்கப் போகிறது. இதில் இயற்கையாகவே ஒரு பொருத்தம் அமைந்தது. உயரமான கட்டடங்கள் நெருங்கி, செயற்கைக்கோள் மறையும் இடத்தில்தான் வைஃபை பெட்டிகள் நெருக்கமாக இருக்கும். பெட்டிகளே இல்லாத வயல்வெளியிலும் கடலிலும் வானம் முழுதாகத் திறந்திருக்கும். ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் கடலுக்குப் போகும் படகுகளில் ஜிபிஎஸ் கருவியைத்தான் நம்புகிறார்கள். கரையை விட்டுச் சில மணி நேரம் தள்ளிப்போனால் அங்கே டவருமில்லை, பெட்டியுமில்லை.

பெட்டிக்கு ஒரு குறை உண்டு: அது இடம் மாறும். வீடு மாற்றும்போது பீரோவோடு வைஃபை பெட்டியையும் கட்டி எடுத்துப்போகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தபோது, முதல் சில நாட்கள் வீட்டுக்குள் வரைபடத்தைத் திறந்தால் மதுரைத் தெருவே வந்தது. வாசலுக்கு வந்து வானம் தெரிந்ததும் சென்னை என்றது. மறுபடி உள்ளே போனால் மதுரை. ஜிபிஎஸ் உள்ள போன்கள் அந்தப் பெட்டியைச் சென்னையில் கேட்டுக் கேட்டுத்தான் பட்டியல் திருந்தியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு போனும் பட்டியலைக் கேட்கும்போதே பட்டியலைத் திருத்தவும் செய்கிறது. இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை தொடங்குகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நாம் இருப்பது தெரியாது. அது பேசுகிறது, நாம் கேட்கிறோம்; உலகில் எத்தனை கோடிப் பேர் கேட்டாலும் அதற்கு ஒரு செய்தியும் திரும்பிப் போவதில்லை. பட்டியல் வழியே இடம் அறிவது அப்படியல்ல. ‘எனக்கு இந்த இந்தப் பெட்டிகள் கேட்கின்றன, நான் எங்கே இருக்கிறேன்?’ என்று போன் ஒருவரிடம் கேட்க வேண்டும். விடை சொல்பவருக்கும் நம் இடம் தெரிந்துவிடும். இது தவிர்க்கவே முடியாத ஒன்று அல்ல. சியாட்டிலில் இன்டெல் ஆய்வகத்தில் உருவான ‘பிளேஸ் லேப்’ திட்டத்தில், பட்டியலையே கருவிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, கணக்கை உள்ளேயே முடித்துவிட வழி செய்திருந்தார்கள். யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் தெரியாது. அந்த வழி பெருவழி ஆகவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

2010இல் ஆப்பிள் ஸ்கைஹூக்கையும் கூகுளையும் விட்டுவிட்டுத் தன் சொந்தப் பட்டியலுக்கு மாறியது. கோடிக்கணக்கான ஐபோன்கள் தெருவில் இருக்கும்போது காரும் ஓட்டுநரும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு மே மாதம், ஜெர்மனியின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கேள்வி எழுப்பிய பிறகு, கூகுள் ஒன்றை ஒப்புக்கொண்டது: தெருக்களைப் படமெடுத்துப் போன அதன் கார்கள், வைஃபை பெட்டிகளின் எண்ணோடு, கடவுச்சொல் இல்லாத பெட்டிகளில் ஓடிக்கொண்டிருந்த செய்திகளின் துண்டுகளையும் பதிந்திருந்தன. பல நாடுகளில் விசாரணை நடந்தது. தன் பெட்டி கூகுளின் பட்டியலில் சேர வேண்டாம் என்பவர்கள், வைஃபை பெயரின் கடைசியில் ‘_nomap’ என்று சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 2011இல் வந்தது. நம் வீட்டுப் பெட்டியின் பெயரை மாற்றினால்தான் நம் விருப்பமின்மை பதிவாகும் என்ற நிலை அன்றும் எனக்கு நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

2011 ஏப்ரலில் அலாஸ்டேர் ஆலன், பீட் வார்டன் என்ற இருவர், ஐபோனிலும் அதைக் கணினியோடு இணைக்கும்போது உருவாகும் நகலிலும் ஒரு கோப்பு இருப்பதைக் காட்டினார்கள். அதில் அகலாங்கு, நெட்டாங்கு, நேரம் என்று வரிசையாகப் பதிவுகள். சிலருக்கு ஒரு வருடம் வரை. எந்தப் பூட்டும் இல்லை. அந்தக் கோப்பை வரைபடத்தில் விரிக்கும் சிறு நிரல் ஒன்றையும் அவர்கள் வெளியிட, மக்கள் தங்கள் பயணங்களைப் புள்ளிப் புள்ளியாகக் கண்டு திகைத்தார்கள்.

ஒரு வாரத்தில் ஆப்பிளின் பதில் வந்தது. அது போன் நின்ற இடங்களின் பதிவு அல்ல. போனைச் சுற்றியிருந்த வைஃபை பெட்டிகளும் டவர்களும் எங்கே இருக்கின்றன என்ற பெரும்பட்டியலிலிருந்து எடுத்துவைத்த ஒரு துண்டு. இடத்தை விரைவாகக் கணிக்கவே போனுக்குள் வைத்திருக்கிறோம். அதிலுள்ள டவர்களில் சில போனிலிருந்து 100 மைலுக்கும் அப்பால்கூட இருக்கலாம் என்றது. இவ்வளவு காலத்துக்குச் சேர்த்து வைத்ததும், இடமறியும் வசதியை அணைத்த பிறகும் சேர்த்ததும் பிழை என்று ஏற்றுக்கொண்டது. மே மாதம் வந்த மென்பொருள் திருத்தம் அந்தக் கோப்பின் ஆயுளை ஏழு நாளாகக் குறைத்தது. இடமறியும் வசதியை அணைத்தால் கோப்பே அழிந்துவிடும்படியும் செய்தது.

அந்தக் கோப்பில் அகலாங்கும் நெட்டாங்கும் இருந்தன. எந்த மாடி என்பது இல்லை. பத்தாவது மாடியில் இருப்பவருக்கும் தரைத்தளத்தில் இருப்பவருக்கும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான். தீயணைப்பு வீரருக்கு அந்தப் புள்ளி போதாது. அடுத்த வாரம் கட்டடத்துக்குள் ஏறுவோம், போனுக்குள் புகுந்த காற்றழுத்தமானியோடு.

(தொடரும்)